கண்ணாடி வளையக் கூடாதாம்லா!

தொலைநோக்கி செய்யப் போறியாம்லா தம்பி? நல்ல காரியம். வானத்தைப் பாக்க ஆசைப்படுத பிள்ளைய நான் கேலி பேச மாட்டேன். ஆனா எட்டு அங்குலக் கண்ணாடிக்கு முதுகைக் கொடையணும், கார்பன் நார் வச்சு ஒட்டணும், எடையும் கொறையணும், இம்மி கூட வளையவும் கூடாதுன்னு மாசக்கணக்கா கம்ப்யூட்டர்ல செவப்பும் பச்சையுமா படம் போட்டுக்கிட்டு இருக்கியாமே, அதைக் கேலி பேசாம இருக்க நான் என்ன மௌன சாமியாரா?

தச்சாசாரிக்குத் தொலைநோக்கி பத்தி என்ன தெரியும்னு கேக்குத. வாஸ்தவம்தான். காலமெல்லாம் உளி பிடிச்ச கை இது. ஆனா மூக்குல கண்ணாடி மாட்டுனா எனக்கும் எழுத்து தெரியும்லே. பாரம் தாங்குத பொருளு மரமா இருந்தா என்ன, கண்ணாடியா இருந்தா என்ன? ரெண்டையும் கீழ இழுக்கது ஒரே பூமிதான?

மொதல்ல ஒன்னு சொல்லு. உலகத்துல வளையாத பொருளு எது? கருங்கல் உத்திரமா? அதுவும் வளையும். உன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு வந்த வினை என்னன்னா, அதோட கணக்கே கண்ணுக்குத் தெரியாத கணக்கு. பச்சை வெளிச்சத்தோட அலைநீளம் 550 நானோமீட்டர் சொச்சம். கண்ணாடி முகம் அதுல எட்டுல ஒரு பங்குக்கு மேல பிசகக் கூடாதுன்னு பழைய ஆளுக ஒரு அளவு வச்சிருக்காங்க. வகுத்துப் பாத்தா 70 நானோமீட்டர் வரும். ஒரு தலைமயிர எடுத்து நெடுக்க ஆயிரம் கூறு போட்டா, ஒரு கூறோட தடிமன். அதுவும் ஜாஸ்தின்னு முகம் சுளிக்கவங்க உண்டு. பெரிய கண்ணாடிய நிமுத்தி, சாச்சு, கெழக்குல இருந்து மேக்க திருப்பும்போதெல்லாம் இந்தக் கூறுக்குள்ளயே அது நிக்கணும். பெரிய பெரிய மூளையெல்லாம் ஏன் இதுல மாட்டி முழிச்சதுன்னு இப்பப் புரியுதா?

வில்லியம் ஹெர்ஷல்னு ஒருத்தரு இருந்தாரு. இங்கிலாந்துல பாத் பட்டணத்துல வாத்தியம் வாசிச்சுப் பிழைச்ச மனுசன். 1781-ல யுரேனஸ் கோளைக் கண்டவரு அவருதான். அந்தக் காலத்துல தொலைநோக்கிக் கண்ணாடிங்கது செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம். அதை வார்க்க அச்சு எதுல செஞ்சாரு தெரியுமா? களிமண்ணும் குதிரைச் சாணமும். ஆமாலே, சாணம்! தங்கச்சி கரோலின் உக்காந்து அதை இடிச்சுச் சலிச்சுக் குடுத்தாங்க. பின்னால வால்வெள்ளியெல்லாம் கண்டுபிடிச்ச அம்மா அவங்க. ஒரு தடவை வார்க்கும்போது உருகுன உலோகம் ஒழுகித் தரையில ஓட, பாவியிருந்த கல்லெல்லாம் வெடிச்சுத் தெறிக்க, எல்லாரும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க. உனக்கு ஏசி ரூமுல மவுசைப் பிடிச்சா மணிக்கட்டு வலிக்குதாம்.

அப்புறம் ராசா பணம் குடுத்தாரு. 40 அடி நீளத்துல பெரிய தொலைநோக்கி, அதுக்கு 4 அடி அகலத்துல கண்ணாடி. மொதக் கண்ணாடி, வார்த்தவங்க கைப்பிசகுல, நெனைச்சதை விட மெல்லிசா வந்துருச்சு. என்னாச்சு? தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாம வடிவம் கெட்டுப் போச்சு. திரும்பவும் தடிமனா வார்த்தாரு. அது ஒரு டன்னுக்குக் கிட்ட வந்துருச்சு. மெல்லிசுன்னா தொய்யும், தடிமன்னா தூக்க முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் கண்ணாடிக்காரங்க பாடு.

இனிமே என் தொழில் பக்கம் வா. ஒரு பலகைய ரெண்டு கல்லுக்கு மேல படுக்கப் போட்டு நடுவுல ஏறி நில்லு. தொய்யுதா? அதே பலகைய நட்டமா நிறுத்தி ஏறு. அசையுதா பாரு. மரம் கூடல, எடை கூடல. ஒசரம்தான் கூடுச்சு. வீட்டுக்கு உத்திரம் ஏத்துத எந்த ஆசாரியும் சட்டத்தைப் படுக்கப் போட மாட்டான். இதைத்தான் நீ படிச்ச புஸ்தகத்துல கன அடுக்குன்னு போட்டிருக்கான். தடிமன் ரெண்டு மடங்கானா வெறைப்பு எட்டு மடங்கு. ஆனா அவசரப்படாத. தடிமன் கூடுனா கண்ணாடி எடையும் ரெண்டு மடங்காகும்லா? அதனால தன் பாரத்துக்குத் தொய்யுத தொய்வு நாலுல ஒன்னாத்தான் கொறையும். அகலத்தைக் கூட்டுனா கதை இதைவிட மோசம். தடிமனை மாத்தாம அகலத்தை மட்டும் ரெண்டு மடங்காக்கு, தொய்வு பதினாறு மடங்கு. நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல 1986-ல திறந்தாங்களே வைணு பாப்பு தொலைநோக்கி, அதோட கண்ணாடி 2.34 மீட்டர். உன் எட்டு அங்குலக் கண்ணாடிய அதே தடிமன்ல அந்த அகலத்துக்கு இழுத்தா, தொய்வு எவ்வளவு கூடும்? பதினேழாயிரம் மடங்குக்கு மேல! அவங்க பயப்படுததுக்கு அர்த்தம் இருக்கு. நீ ஏன் பயப்படுத?

பலகை வளையும்போது உள்ள என்ன நடக்கும்னு யோசிச்சிருக்கியா? மேல் பக்கம் நசுங்கும், கீழ் பக்கம் இழுபடும். நடுவுல கெடக்க மரம்? சும்மா கெடக்கும். ஊர்ல திண்ணைக்கு ஒருத்தன் இருப்பான் பாரு, அவன்தான். சோத்துக்கு உண்டு, வேலைக்கு இல்ல. அப்போ அந்த நடுவை எடுத்துட்டா? மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, ரெண்டும் பிரியாம நடுவுல சுவரு மட்டும். எடை போச்சு, வெறைப்பு அநேகமா அப்படியே நிக்குது. எடை கொறைஞ்ச கண்ணாடின்னு நீங்க பெருசாப் பேசுதது அம்புட்டும் இதுதான்.

இதைப் புரிஞ்சவங்களும் உண்டு, புரிஞ்சும் துணியாதவங்களும் உண்டு. அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் பாலோமர் மலையில 5 மீட்டர் கண்ணாடி இருக்கு. கார்னிங் கம்பெனிக்காரங்க 1934-ல பைரெக்ஸ்ல வார்த்தது. முதுகுல பள்ளம் பள்ளமா விழணும்னு அச்சுக்கட்டிகள நட்டு வச்சு, மார்ச் மாசம் உருகுன கண்ணாடிய ஊத்துனாங்க. சூட்டுல கட்டி சிலது கழண்டு மேல மெதந்துருச்சு! சனமெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கும்போது. மானம் போச்சேன்னு உக்காரல, டிசம்பர்ல மறுபடி ஊத்துனாங்க. மாசக்கணக்கா ஆறவிட்டு, 1936-ல ரயில்ல ஏத்தி நாட்டுக்கு அந்தக் கோடிக்குக் கொண்டு போனாங்க. நடுவுல உலக யுத்தம் வேற. தேய்ச்சு முடிக்க 1947 ஆயிருச்சு. முடிச்சப்போ எடை 14.5 டன். இதைக் கேட்டு ஐயோ அவ்வளவான்னு வாயைப் பொளக்காத. ரஷ்யாக்காரங்க காக்கசஸ் மலையில 1975-ல 6 மீட்டர் கண்ணாடி ஒன்ன ஏத்துனாங்க. முதுகுல பள்ளமும் இல்ல, கிள்ளமும் இல்ல, முழுக்கட்டி. 42 டன். அகலம் ஒரே ஒரு மீட்டர்தான் கூட. எடையப் பாத்தியா?

எடை கூட இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, பலமா இருக்கும்லான்னு சொல்லுவ. அங்கதான் தம்பி இன்னொரு சனியன் கெடக்கு. சூடு. பகல்ல வாங்குன சூட்டை அத்தனை டன் கண்ணாடி ராத்திரியில லேசுல விடுமா? காத்து ஆறிப் போயிரும், கண்ணாடி ஆறாது. மூஞ்சிக்கு மேல வெதுவெதுன்னு காத்து கெளம்பி நெளியும். நட்சத்திரம் ஆடும், கலங்கும். ஆற ஆறக் கண்ணாடியும் சுருங்கி வடிவம் மாறும். மலையில சாயங்காலம் குளிரு ஒரு வேகத்துல எறங்கும். 42 டன் கட்டி அதுக்கு ஈடு குடுக்க முடியுமா? எடை கொறைக்கதுல பாதி லாபம் தூக்குததுல, மீதி லாபம் ஆறுததுல. கம்ப்யூட்டர்ல செவப்பு, பச்சை பாத்தியே, ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கலர் வரும்னு பாத்தியா?

இந்தக் கூட்டத்துல எனக்குப் பிடிச்ச ஆளு ரோஜர் ஏஞ்சல். அரிசோனா பல்கலைக்கழகத்துக்காரரு. 1980 வாக்குல அவருக்கு ஒரு யோசனை தோணுச்சு. பைரெக்ஸ் மாதிரி கண்ணாடியில, உள்ள அறை அறையா வச்சு, பெருசா வார்க்க முடியுமா? நீயா இருந்தா என்ன செய்வ? மொதல்ல ஒரு பேரு வைப்ப. அப்புறம் அதுக்கு ஒரு சின்னம் வரைவ. அவரு அடுப்படிக்குப் போனாரு. பலகாரம் வைக்குத பைரெக்ஸ் கிண்ணம் ரெண்டை எடுத்தாரு. வீட்டுப் பின்கட்டுல சூளை ஒன்னைக் கட்டி, ரெண்டையும் அதுல வச்சு ஒட்டுதான்னு பாத்தாரு. ஒட்டுச்சு. அவ்வளவுதான். அந்தக் கிண்ணம் ரெண்டுல ஆரம்பிச்சு, இன்னைக்கு 8.4 மீட்டர் கண்ணாடி வார்க்குத அளவுக்கு வந்து நிக்குது.

எங்க வார்க்காங்கன்னு கேளு. பல்கலைக்கழகத்து விளையாட்டு மைதானத்துல சனம் உக்காருத கேலரி இருக்குல்லா, அதுக்கு அடியில! மேல கூட்டம் கூப்பாடு போடுது, கீழ உலை சுத்துது. ஆமா, உலையே சுத்துது, நிமிசத்துக்கு ஏறக்குறைய அஞ்சு சுத்து. அறுகோணக் கட்டிகள் 1,600-க்கு மேல அடுக்கி, அதுக்கு மேல கண்ணாடிக் கட்டிகளப் பரப்பி, 1,165 டிகிரி வரைக்கும் சூடேத்துதாங்க. உருகுன கண்ணாடி கட்டிகளுக்கு நடுவுல எறங்கி சுவராகுது. சுத்துத சுத்துல மேல்முகம் தானாக் குழியுது. பின்னால தேய்ச்சுத் தள்ள வேண்டிய கண்ணாடி டன் கணக்குல மிச்சம். மூணு மாசம் போல ஆறவிட்டு, தண்ணியப் பீச்சி உள்ள இருக்க கட்டிகளக் கரைச்சு எடுத்தா, உள்ள அம்புட்டும் அறைதான். ராத்திரியில அந்த அறைக்குள்ள காத்தை ஊதிவிட்டா கண்ணாடி சீக்கிரம் ஆறிரும். ஒரு கண்ணாடி ஏறக்குறைய 17 டன். இதே மாதிரி ஏழு கண்ணாடிய ஒரே தொலைநோக்கியில வச்சு, சிலி நாட்டு மலையில ஏத்தப் போறாங்க, ஜயண்ட் மெகல்லன்னு பேரு. சொல்லு, இதுல எது உனக்குக் கொள்ளாது? ஒரு கிண்ணம் வாங்கக் காசு இல்லையா?

அதுக்காக அறை வச்சா எல்லாம் சரியாப் போச்சுன்னு துள்ளாத. மேல்தட்டு ரொம்ப மெல்லிசா இருந்துச்சுன்னு வையி. தேய்க்கும்போது மேல அமுக்குத கட்டைக்கு, சுவரு இருக்க எடம் எதுத்து நிக்கும், சுவரு இல்லாத எடம் உள்ள அமுங்கிக் குடுக்கும். எதுத்து நிக்க எடம் கூடத் தேயும், அமுங்குன எடம் கம்மியாத் தேயும். கட்டைய எடுத்ததும் அமுங்குனது நிமுந்து புடைச்சுக்கிடும். அறைக்கு ஒரு புடைப்பு. கொடைஞ்சு கொடைஞ்சு எடையக் கொறைச்சேன்னு மார்தட்டுன ஆளு, முகத்துல அம்மைத் தழும்பை வாங்கி வச்சுக்கிட்டு நிப்பான்.

வேற வழி போனவங்களும் உண்டு. ஐரோப்பாக்காரங்க சிலியில பாரனால் மலையில நாலு கண்ணாடி வச்சிருக்காங்க. ஒவ்வொன்னும் 8.2 மீட்டர். தடிமன் 17.5 சென்டிமீட்டர்தான்! பழைய ஆளுக கணக்குப்படி அகலத்துல ஆறுல ஒரு பங்கு தடிமன் வச்சிருந்தா, ஒரு கண்ணாடி 180 டன் வந்திருக்கும். இது 23 டன். வளையாதா? வளையும். வளையட்டும்னு விட்டுட்டாங்க. முதுகுக்கு அடியில 150 தாங்கிகள வச்சு, நட்சத்திரத்தோட பிம்பத்தைப் பாத்துக்கிட்டே, எங்க தொய்யுதோ அங்க தள்ளிக் குடுக்காங்க. ரே வில்சன்னு ஒருத்தரோட யோசனை. 1989-ல 3.58 மீட்டர் கண்ணாடியில செஞ்சு காட்டிட்டுத்தான் இதுக்கு வந்தாங்க. முறைச்சுக்கிட்டு நிக்க பிள்ளைய அடிச்சுத் திருத்த முடியாது, அப்பப்போ தட்டிக் குடுன்னு எங்க ஆத்தா சொல்லும்.

ஆனா ஒன்னைக் கவனிச்சியா? கெட்டியோ, கூடோ, மெல்லிசோ, எதுவானாலும் அது எதுக்கு மேல உக்காந்திருக்குங்கதுதான் கேள்வி. உன் படத்துல கண்ணாடி இருக்கு, கலர் இருக்கு. உக்காருத எடம் எங்கலே?

அயர்லாந்துல பிர் கோட்டையில ரோஸ் பிரபுன்னு ஒரு பெரிய மனுசன். 1845-ல 1.8 மீட்டர் கண்ணாடி வச்சுத் தொலைநோக்கி கட்டினாரு. அதுவும் உலோகம்தான், மூணு டன்னுக்குக் கொறையாது. அதை எப்படித் தாங்குததுன்னு யோசிச்சுக் குடுத்தவரு டப்ளின்காரரு தாமஸ் கிரப். அந்த யோசனை எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? வண்டிக் குதிரைகிட்ட இருந்து. ரெண்டு குதிரை சமமா இழுக்கணும்னா நடுவுல ஆணி அடிச்சு ஆடுத மாதிரி ஒரு கட்டையப் போட்டு, ரெண்டு நுனியிலயும் ஒவ்வொன்னைப் பூட்டுவாங்க. ஒன்னு சோம்பினா கட்டை சாயும், பாரம் ஓடிப்போயி சமமா நிக்கும். இளைச்ச மாட்டுப் பக்கம் நுகத்தடிய நீளமா விட்டா அதுக்குப் பாரம் கொறையும்னு நம்ம ஊர்ல ஏரு பூட்டுதவனுக்குத் தெரியாதா? அதையேதான் அவரு தலைகீழாப் போட்டாரு. இழுக்கதுக்குப் பதிலாத் தாங்குதது. மூணு எடத்துல ஆதாரம். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் மேல ஆடுத முக்கோணம் ஒன்னு. அதோட மூலைக்கு மூலை இன்னொரு முக்கோணம். மூணு, ஒம்பது, இருபத்தேழு. பாரம் 27 எடத்துல சரிசமமா எறங்கும். எந்த எடமும் அதிகமா முட்டாது, எந்த எடமும் சும்மா நிக்காது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், அதுபாட்டுக்குச் செய்யும்.

குதிரை வண்டிக் காலத்துச் சங்கதின்னு எளக்காரமா பாக்காத. ஹவாய்த் தீவுல கெக் தொலைநோக்கியில 1.8 மீட்டர் துண்டா 36 கண்ணாடிய அடுக்கி 10 மீட்டர் ஆக்கியிருக்காங்க. ஒவ்வொரு துண்டும் 75 மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொன்னுக்கு அடியிலயும் அதே ஆடுகட்டைதான், 36 எடத்துல தாங்குது.

எல்லாத்துக்கும் மேல போனவங்கள சொல்லாம விட்டா நீ கோவிச்சுக்கிடுவ. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்கு விண்ணுக்குப் போச்சு. 18 துண்டு, எல்லாம் பெரிலியம். எடை கம்மி, வெறைப்பு கூட, கடுங்குளுருலயும் வடிவம் லேசுல மாறாத உலோகம். தூசு நெஞ்சுக்குள்ள போனா ஆளைக் கொல்லும், அது வேற கதை. ஒரு துண்டு 250 கிலோ கட்டியா உள்ள வந்து, முதுகைக் கொடைஞ்சு கொடைஞ்சு 20 கிலோவா வெளிய போச்சு. நீ எட்டு அங்குலத்துல செய்யணும்னு கெடக்கது இதைத்தான? அங்க பாரமே கெடையாதே, எதுக்கு வெறைப்புன்னு கேட்டா அது நல்ல கேள்வி. ராக்கெட்டுல போகும்போது கிடுகிடுன்னு ஆட்டுத ஆட்டம் யாரு தாங்க? பூமியில வச்சுத் தேய்ச்சதும் சோதிச்சதும் அங்க போயி நிமுந்துக்கிட்டா யாரு பொறுப்பு? அதுக்குத்தான்.

ஹப்பிள் தொலைநோக்கியில அந்த நிமிருத கணக்கை அழகாப் போட்டாங்க. 2.4 மீட்டர், ரெண்டு தட்டுக்கு நடுவுல கட்டம் கட்டமாச் சுவரு, 800 கிலோ சொச்சம். எடையே இல்லாத மாதிரி ஆணி ஆணியா ஆதாரம் வச்சு ஏமாத்தித் தேய்ச்சாங்க. தொய்வுக் கணக்குல ஒரு கொறை கெடையாது. கோட்டை விட்டது எங்க தெரியுமா? வடிவத்தைச் சோதிக்குத கருவிக்குள்ள ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருந்துச்சு. கண்ணாடியும் அந்தத் தப்புக்கு ஏத்தபடி, ரொம்பத் துல்லியமா, தப்பாத் தேஞ்சுது. இதுல கூத்து என்னன்னா, சாதாரணக் கருவிக வச்சுப் பாத்தப்போ என்னமோ இடிக்குதேன்னு தெரிஞ்சிருக்கு. அதெல்லாம் மட்டம், இதுதான் ஒசத்தின்னு ஒதுக்கிட்டாங்க. 1990-ல அனுப்பி, படம் கலங்கலா வந்து, ஊரே சிரிச்சு, 1993 டிசம்பர்ல ஆளுக மேல போயி கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுன கணக்காச் சரி பண்ணிட்டு வந்தாங்க.

வளைவே வேண்டாம்னு ஒதுங்குனவங்க இருக்காங்க பாரு, அவங்க கதை இன்னும் ருசி. நைனிடால் பக்கம் தேவஸ்தல் மலையில, 4 மீட்டர் பாத்திரத்துல பாதரசம் ஊத்திச் சுத்துதாங்க. எட்டு விநாடிக்கு ஒரு சுத்து. தானாக் குழிஞ்சு கண்ணாடி ஆயிருது. 2022-ல வெளிச்சம் பாத்துச்சு. தேய்க்க வேண்டாம், கொடைய வேண்டாம். ஒரே ஒரு சங்கடம். சாச்சா கொட்டிரும். அதனால தலைக்கு நேர் மேல வாரதை மட்டும் பாக்கும். எதைப் பாக்கணும்னு அதுக்கிட்ட நீ சொல்ல முடியாது.

இப்ப உன் எட்டு அங்குலத்துக்கு வா. ஒன்னேகால் அங்குலத் தடிமன்ல கெட்டிக் கண்ணாடி. எடை ரெண்டரை கிலோகூட வராது. உன் கார்பன், கத்திரிக்காயெல்லாம் வச்சு எம்புட்டு மிச்சம் பிடிப்ப? ஒன்னரை கிலோ? அதைத் தாங்குத மரப்பெட்டிக்கும் காலுக்கும் எடை என்னன்னு தூக்கிப் பாரு மொதல்ல. ஆதாரம் மூணு போதும். நடுவுல குவிச்சு வைக்காத, விளிம்புலயும் கொண்டு வைக்காத, ரெண்டுக்கும் இடையில வை. பின்னால காத்து போக எடம் விடு, முடிஞ்சா சின்னதா ஒரு ஃபேன் மாட்டு. பதினாறு அங்குலம் செய்யணும்னு ஆசை வந்தா அப்போ வா, ஆடுகட்டை நானே இழைச்சுத் தாரேன்.

இன்னொன்னு. கண்ணாடி விழுந்துரும்னு பயந்து கிளிப்பை மாட்டி, திருப்புளிய வச்சுப் பல்லைக் கடிச்சுத் திருகாத. பாரத்துக்கு வளையாத கண்ணாடி உன் இறுக்குக்கு வளைஞ்சிரும், நட்சத்திரம் மூணு மூலையா மொறைக்கும். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுத அளவுக்கு எடம் இருக்கணும். உன் பட்டம், பதவியெல்லாம் போட்டுப் பளபளன்னு அடிச்சு வச்சிருக்கியே, அதுல ஒன்ன எடுத்துக்க.